இன்மை அறிக்கை

அரசு அலுவலகத்தில் ஒன்றுமில்லை என்று சொல்வதற்கும் ஒரு படிவம் உண்டு. அதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். மேலிடம் ஒரு விவரம் கேட்கும். நம்மிடம் அப்படி எதுவும் இல்லையென்றால் சும்மா இருந்துவிட முடியாது. எதுவும் இல்லை என்பதைக் கடித எண், நாள், பொருள், பார்வை எல்லாம் போட்டு, அதிகாரியின் கையொப்பம் வாங்கி, இரண்டு நகல்களோடு அனுப்ப வேண்டும். என் பணிக்காலத்தில் நான் எழுதிய இன்மை அறிக்கைகளை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். மற்றவையெல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.

சேலத்தில், மருந்துக் கடைகளுக்கு உரிமம் கொடுத்து அவற்றின் பதிவேடுகளைச் சரிபார்க்கும் மாவட்ட அலுவலகம் ஒன்றில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். கண்காணிப்பாளர் என்றால் வெளியே போய்க் கண்காணிப்பவர் என்று நினைத்துவிடக்கூடாது. அதற்கு ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்ததாக எழுதியதை நான் பார்ப்பேன். அப்போது நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர், தம்மம்பட்டி எல்லாமே சேலம் மாவட்டம்தான். கொல்லிமலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்கிற மாத்திரை எதுவானாலும் அதன் கணக்கு ஏதோ ஒரு நாள் என் மேசைக்கு வந்தாக வேண்டும்.

எனக்கு ஒரு தங்கை. எழுபதுகளின் தொடக்கத்தில், அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, மல்லசமுத்திரத்தில் எங்கள் கடலைக் காட்டில் விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது. அப்பா ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பிடித்துக்கொண்டார். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அது தானாக நின்றபோது சாவிக்குப் பெயர் கிடைத்தது. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் வந்தபோது அப்பா அவளைச் சேலத்துக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். தெரிந்தவர் யாரும் ஏறாத பஸ்ஸாகப் பார்த்து ஏறினோம். நானும் கூடப் போயிருந்தேன்.

டாக்டர் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது என்றார். அவர் சீட்டில் பெயர் எழுதப் போகையில் அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"டாக்டருங்க, சீட்டை என்ற பையன் பேர்ல எழுதிக் குடுங்க."

"வலிப்பு பொண்ணுக்கு. மருந்து பையனுக்கா?"

"மருந்து அவளுக்குத்தானுங்க. பேரு மட்டும் அவனுக்கு. பொட்டப் புள்ள பேரு மருந்துக் கடைக்குப் போச்சுன்னா பொறகு யாருங்க அவளக் கட்டுவாங்க? ஆம்பளைக்கு என்னங்க, நாலு சீக்கு இருந்தாலும் பொண்ணு குடுப்பாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சீட்டில் என் பெயரை எழுதினார். அன்று முதல் காகிதத்தில் வலிப்பு நோயாளி நான்தான். இடையில் வேறொரு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. பிறகு அந்த வெள்ளை மாத்திரை ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். சேலத்துக் கடைக்காரர்கள் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் எங்களுக்குப் பங்காளி, இல்லாவிட்டால் மாமன் மச்சான். ஆகவே ஆத்தூரில், நம்மை யாரென்று கேட்காத ஒரு கடையில், என் பெயருக்கு என் தங்கையின் மருந்தை வாங்கிவந்தேன். மாத்திரை தப்பாதவரை வலிப்பு வரவில்லை. அவள் பள்ளிப் படிப்பை முடித்தாள். நான் அரசுத் தேர்வு எழுதி, உடல் தகுதிச் சான்று வாங்கி, வேலைக்குப் போனேன். அந்தச் சான்றில் கூறியபடி எனக்கு எந்த நோயும் கிடையாது. ஆத்தூர்ச் சீட்டு வேறு விதமாகக் கூறியது. இரண்டும் ஒரே கோப்பில் சேராதவரை அரசாங்கத்துக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நாமகிரிப்பேட்டையில் அவளைக் கட்டிக்கொடுத்தோம். மஞ்சள் விளையும் பூமி, ஒரு லாரி, நல்ல குடும்பம். பேச்சுவார்த்தையின்போதே அப்பா முந்திக்கொண்டு, "புள்ளைக்கு ரத்தம் கொஞ்சம் கம்மிங்க, டாக்டர் மாத்திரை குடுத்திருக்காருங்க" என்று சொல்லிவைத்தார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ரத்தம் குறைந்த மருமகள் எல்லா வீட்டிலும் இருந்தாள். ரத்த விருத்தி மாத்திரை வரும் பழுப்புக் கண்ணாடிப் புட்டியைக் கழுவிக் காயவைத்து, அதில் இந்த வெள்ளை மாத்திரைகளை எண்ணிப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பழத்தட்டோடு எடுத்துக்கொண்டு போவேன். அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை. "தங்கச்சி ரத்தத்து மேல அண்ணனுக்கு என்ன அக்கறை பாரு" என்று அவள் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்வார். தங்கை என்னை வழியனுப்ப வரும்போது மெதுவாகச் சொல்வாள்: "ஏனுங்கண்ணா, எனக்கு ஊறுன ரத்தத்துக்கு இந்நேரம் ஒரு கெணறே ரொம்பியிருக்கோணும்."

எண்பதுகளின் நடுவில் போதைப்பொருள் சட்டம் புதிதாக வந்தது. எங்களைப் போன்றவர்களைச் சென்னைக்கு அழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். வெளிநாட்டுக் கூட்டங்களுக்குப் போய்வந்த ஒருவர் சுவரில் உலகப் படத்தை மாட்டி, குச்சியால் காட்டிப் பேசினார். செடியிலிருந்து வரும் போதையைவிட ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் போதை ஆபத்தானது, அதற்குக் காடும் வேண்டாம் மழையும் வேண்டாம், ஒரு கொட்டகை போதும் என்றார். தூக்க மாத்திரைகள், மயக்க மாத்திரைகள் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கடல் கடக்கின்றன, ஒரு நாடு தனியாக எதுவும் செய்ய முடியாது, எல்லா நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒன்றுக்கொன்று கணக்குக் காட்ட வேண்டும் என்றார். படத்தில் சிவப்பு அம்புகள் ஓடின. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடித்திருந்தது. கணக்குக் காட்டுவது என்றால் எனக்கு எப்போதும் பிடிக்கும். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். அந்தப் படத்தில் சேலம் இல்லை, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் சுற்றறிக்கை வந்தது. இணைப்பில் பொருள்களின் பட்டியல். பெரும்பாலும் வாயில் நுழையாத ரசாயனப் பெயர்கள். கீழ்ப்பாதியில் ஒரு வரியில் என் தங்கையின் மாத்திரை இருந்தது. தூக்கம் தரக்கூடியது, ரசாயன முறையில் செய்யப்படுவது, ஆகவே பட்டியலில் சேர்ந்திருந்தது. நான் பதறவில்லை. தடை வேறு, கட்டுப்பாடு வேறு. சீட்டைப் பார்த்து, தனிப் பதிவேட்டில் எழுதி, பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் யாரும் விற்கலாம். இந்த வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரர்களுக்கும் தெரியும் என்று நினைத்தேன். அவர்களுக்குத் தெரிந்தது கடைசிப் பத்தியிலிருந்த பத்தாண்டுச் சிறை மட்டும்தான்.

சுற்றறிக்கையோடு இன்னொரு படிவமும் வந்தது. ஒவ்வொரு மாவட்டமும், பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொருளும் வரும் ஆண்டில் மருத்துவத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். மாவட்டங்களைச் சென்னை கூட்டும், மாநிலங்களைத் தில்லி கூட்டும், அந்தக் கூட்டுத்தொகை கடல் தாண்டி ஒரு வாரியத்துக்குப் போகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். கூடுதலாகக் கேட்டால் ஏன் என்று அங்கிருந்து கேள்வி வரும். குறைவாகக் கேட்டால் வராது. என் வேலைக்காலத்தில் நான் கற்ற நிர்வாகவியல் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கும்.

கடைகளுக்கெல்லாம் விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பினோம். அதன் வரைவு என்னுடையது. கடைசி வாக்கியம் என் சொந்தச் சரக்கு: "குறித்த நாளுக்குள் பதில் வராவிடில் தேவை இன்மை எனக் கொள்ளப்படும்." நினைவூட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் கண்டுபிடித்த வாக்கியம் அது. பதில் வராத கடை ஒவ்வொன்றும் தானாகவே பதில் சொன்னதாகிவிடும். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "பலே ஆளுங்க நீங்க" என்றார்.

பெரும்பாலான கடைகள் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு மருந்தைத் தொட்டதே இல்லை என்று சிலர் எழுதினார்கள். ஆத்தூர்க் கடைக்காரர் ஒருவர்தான் முறைப்படி பதில் எழுதியிருந்தார். கெடுவுக்கு மூன்று நாள் முன்பே அது தபாலில் வந்தது. அழகான கையெழுத்து. மருந்தின் பெயர், மாதம் அறுபது மாத்திரை, வாங்குபவர் ஒருவர், நோய் வலிப்பு. அந்த ஒருவரின் பெயர், தகப்பனார் பெயர், சேலத்து முகவரி எல்லாம் இருந்தன. அது நான்.

அந்தக் கடிதத்தைச் சுருக்கப் பட்டியலில் ஏற்ற வேண்டியவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர். அவருக்கு ராசிபுரம். பெண் எடுத்தது நாமகிரிப்பேட்டையில். என் பெயரைப் பார்த்தால் கேட்பார். எனக்குத்தான் வலிப்பு என்று சொன்னால் என் உடல் தகுதிச் சான்று என்னாவது? எனக்கில்லை என்று சொன்னால், பிறகு யாருக்கு? மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நாமகிரிப்பேட்டைக்குப் புட்டியோடு போகிறவன் நான். அந்த எழுத்தருக்குக் கூட்டல் தெரியும்.

கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன்: "காலங்கடந்து வந்தது. கோப்பில் சேர்க்க." கீழே என் சுருக்கொப்பம். அதன் கீழே நான்கு நாள் தள்ளி ஒரு தேதி. பிறகு மாவட்டத்தின் தேவையை எழுதினேன். வலிப்பு மாத்திரைக்கு எதிரே, இன்மை.

நான் போட்ட அந்தச் சொல் கடல் தாண்டிப் போய் யார் கண்ணிலாவது பட்டிருக்கும் என்று நான் பெருமை கொள்ளவில்லை. ஆனால் நகல் ஒன்று போனதால் சேலத்து மொத்த வியாபாரி கண்ணில் பட்டது. மாவட்டத்துக்குத் தேவையே இல்லாத ஒரு மருந்துக்குத் தனிப் பதிவேடு எதற்கு, பூட்டு எதற்கு, ஆய்வாளர் எதற்கு என்று அவர் அந்தச் சரக்கையே விட்டுவிட்டார். என்னிடம் இருந்த கையிருப்பைத் தங்கைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம் ஆத்தூருக்குப் போனபோது கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க சார். உங்களுக்குத்தான் லெட்டர் போடணும்னு இருந்தேன். மருந்து வர்றதில்ல சார்."

"எப்ப வரும்?"

"இன்னா சார் சொல்றது. நான் ஒழுங்கா எழுதி அனுப்புனேன். இந்த மாதிரி ஒரு பேஷண்ட் இருக்காரு, மாசம் அறுபது வேணும்னு. உங்க பேரு, அட்ரஸ் எல்லாம் போட்டு. ஆபீஸ்ல எவனோ ஒரு புண்ணியவான் இந்த ஜில்லாவுக்கே வேணாம்னு எழுதிட்டானாம். ஏஜென்ட் சொல்லிட்டுப் போறான்."

"அப்படியா" என்றேன்.

"உங்களுக்கு வந்து எத்தினி வருசம் ஆச்சு சார்?"

"எது?"

"வலிப்பு சார்."

"வந்து ரொம்ப நாளாச்சு."

"அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். திடீர்னு நிறுத்துனா விடாம வரும்னு டாக்டர்ங்க சொல்லுவாங்க. ரோட்ல எங்கியும் தனியாப் போவாதீங்க." அலமாரியைத் துழாவி, ஒரு பட்டையில் மிச்சமிருந்த எட்டு மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இதுவும் ரெஜிஸ்டர்ல ஏத்தாதது. என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க."

அதற்குப் பிறகு நான் அலைந்ததை எழுதினால் ஒரு பயணப்படியே கோரலாம். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு, தம்மம்பட்டி. ஒவ்வொரு ஊரிலும் கடையை விட்டுத் தள்ளி நின்று, கூட்டம் குறைந்ததும் போய்ச் சீட்டை நீட்டுவேன். சீட்டைப் படித்ததும் முகம் மாறும். "அய்யோ, இதெல்லாம் வெக்கறதில்லீங்க." சிலர் என்னை அலுவலகத்திலிருந்து சோதிக்க வந்த ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அது சரிதான். நாமக்கல் லாரி நிறுத்தத்தில் ஒரு டீக்கடைக்காரர், டிரைவர்களுக்குத் தூக்கம் வராமலிருக்க ஒரு மாத்திரையைத் தாராளமாகக் கண்ணாடி ஜாடியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். சீட்டும் இல்லை, பதிவேடும் இல்லை. அவர் எந்தப் படிவத்துக்கும் பதில் எழுத வேண்டியவர் அல்லர்.

சேலத்து டாக்டரிடம் போனேன். அவருக்கு வயதாகிவிட்டிருந்தது. நேர்வழி ஒன்று உண்டு என்றார். சென்னையிலிருந்து தனி அனுமதியில் வரவழைக்கலாம். அதற்கு உண்மையான நோயாளியின் பெயரில், அவளைச் சோதித்த சான்றோடு, முகவரியோடு விண்ணப்பம் வேண்டும். அந்த விண்ணப்பம் உங்கள் அலுவலகம் வழியாகத்தான் போகும் என்றார். எனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த வழிமுறையின் மூன்றாம் பத்தியை எழுதியவனே நான்தான். "அவ வூட்டுக்காரர்ட்ட சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லுங்க" என்றார். விண்ணப்பத்தை நிரப்பினேன். பெயருக்கான கட்டத்தை மட்டும் விட்டுவைத்து, மேசை இழுப்பறையில் ஆறு நாள் வைத்திருந்தேன்.

இதற்குள் தங்கையின் கையில் இருந்தது தீர்ந்துகொண்டிருந்தது. ஒன்றுக்குப் பாதி சாப்பிடு என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவளிடமிருந்து இன்லேண்ட் கடிதம் வந்தது. எல்லோரும் படிக்கும் கடிதம், ஆகவே பொது விவரமாக எழுதியிருந்தாள். "ரத்த மாத்திரை இன்னும் நாலு நாளைக்கு. அண்ணனுக்கு ஆபீஸில் வேலை அதிகம் என்று தெரியும்." ஏழாம் நாள் காலை, எட்டு மாத்திரைக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

மஞ்சள் வேகவைக்கும் பருவம். களத்தில் பெரிய கொப்பரையை அடுப்பேற்றி, மஞ்சள் செடியின் காய்ந்த தாளையும் கரும்புத் தோகையையும் தள்ளி எரித்துக்கொண்டிருந்தார்கள். ஆவியில் ஆட்களே மங்கலாகத் தெரிந்தார்கள். கூலியாட்கள் பத்துப் பேர், மாமியார், தங்கை, அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள். என்னைக் கண்டதும் மாப்பிள்ளை தலைக்கட்டை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மச்சான், வாங்க. ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா? இப்படி எளைச்சிட்டீங்க?"

"ஒன்னுமில்லீங்க மாப்ள. உங்ககிட்ட ஒரு விசயம் பேசோணும்."

"தெரியுமுங்க, மாத்திரைதானுங்களே. இனிமேட்டு நீங்க அலைய வேண்டாம். நாமளே வாங்கிப்போட்டோமுங்க." அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "பழைய புட்டியக் கொண்டுபோய்க் கடையில காட்டுனேன். அதே லேபிலு, அதே கம்பெனி. செவப்பா, இனிப்புத் தடவி, நல்லா இருக்குது. ஒரு ரத்த மாத்திரைக்கு மச்சான் சேலத்துல இருந்து பஸ் ஏறி வரோணுமா?"

"ஏஞ் சாமி, இத்தனை வருசமா அதை ஊருக்குள்ள வாங்கத் தெரியாமயா இருந்தோம்?" என்று மாமியார் சிரித்தார். "அண்ணன் கையில வாங்கித் தின்னாத்தான் அவளுக்கு ரத்தம் ஊறுமாக்கும்."

கூலியாட்களும் சிரித்தார்கள். தங்கை அடுப்புக்கு அந்தப் பக்கம் தாளை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லப் போகிறானா என்று பார்த்தாளா, சொல்லிவிடாதே என்று பார்த்தாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னாளில் கேட்டபோதும் அவள் சொல்லவில்லை.

"நல்லதுங்க மாப்ள" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சாப்பிட்டேன். அந்த எட்டு மாத்திரைக் காகிதத்தைக் கைகழுவும் இடத்தில் அவளிடம் கொடுத்தேன். அவள் கையில் இருந்தது முந்தாநாளே தீர்ந்திருந்தது. "இது எத்தனை நாளைக்குங்கண்ணா?" என்றாள். நாளைச் சாயங்காலம் வந்து தனியாக அவரிடம் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போது எப்படித் தொடங்குவது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே வந்தேன். வரைவு எழுதுவதில் எனக்கு இணை கிடையாது.

மறுநாள் முற்பகல் பதினோரு மணிக்கு மாப்பிள்ளையின் லாரி எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தது அவரேதான். "பெரிய ஆஸ்பத்திரியில போட்டிருக்குது, வாங்க" என்றார். களத்தில் தாள் தள்ளும்போது தங்கைக்கு வலிப்பு வந்திருக்கிறது. அடுப்பு வாய்க்கு நேராக விழுந்து, இழுத்து முடிவதற்குள் வலது கை கங்குக்குள் போய்விட்டது. மாமியார் ஓடிவந்து இடது கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார், எங்கள் அப்பா செய்தது போலவே. நின்றது மறுபடி வந்தது. லாரியில் வரும் வழியில் மூன்று தடவை வந்தது. நான் போய்ப் பார்த்தபோதும் நிற்கவில்லை. ஊசி போட்டார்கள், பிறகு இன்னொன்று போட்டார்கள். அந்த வார்டில் சுவரில் சாய்ந்து நின்று, இது நின்றால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று எந்தச் சாமியிடம் கேட்டேன் என்று நினைவில்லை. மேல்முறையீடு செய்ய இடமில்லாத ஒரே அலுவலகம் அதுதான் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மாலையில் நின்றது. டாக்டர் வெளியே வந்து, "என்ன மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க? எப்ப நிறுத்துனீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை, "ரத்த மாத்திரைங்க. நிறுத்தலீங்களே, நேத்துக்கூடக் குடுத்தேன்" என்றார். அப்போதுதான் நான் சொன்னேன். கடலைக் காட்டிலிருந்து தொடங்கி, ஆத்தூர்ச் சீட்டு, பழுப்புப் புட்டி, இன்மை அறிக்கை, ஓரத்தில் நான் எழுதிய நான்கு சொற்கள் எல்லாவற்றையும் தாழ்வாரத்தில் நின்று சொன்னேன்.

அவர் கத்தவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவுமில்லை.

"என்ற லாரி பூனாவுக்குப் போவுது, நாகபுரிக்குப் போவுது. ஒரு மாத்திரை நான் வாங்கியார மாட்டனா?" என்றார். எட்டு வருடத்தில் முதல்முறையாக அவர் என்னிடம் 'ங்க' போடாமல் பேசினார். "கட்டும்போது சொல்லல, சரி. உங்கப்பன் பயந்துபோட்டாரு. நேத்து? நேத்துக் களத்துல நின்னயே. அது ரத்த மாத்திரை இல்லைன்னு ஒரு வார்த்தை. அவள அடுப்புப் பக்கம் விட்டிருப்பனா நானு?"

நான் பதில் சொல்லவில்லை. குறித்த நாளுக்குள் பதில் வராவிடில் என்ன கொள்ளப்படும் என்று எனக்குத் தெரியும்.

அவளை அவர் தள்ளிவைக்கவில்லை. தள்ளிவைத்துவிடுவார்கள் என்றுதான் பதினைந்து ஆண்டுகளாக நாங்கள் இத்தனையும் செய்தோம். மாமியார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு அவர்தான் அவளுக்குச் சோறு ஊட்டினார், ஏனென்றால் வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கை பிழைத்தது. ஆனால் மூடித் திறக்க வராது.

ஆஸ்பத்திரியில் இருந்த மாத்திரை உள்நோயாளிகளுக்கு மட்டும். விண்ணப்பத்தில் விட்டுவைத்திருந்த கட்டத்தில் அவள் பெயரை எழுதினேன். எதிரே இருந்த எழுத்தர் அதைப் படித்துவிட்டு, தலையைத் தூக்காமல் எண் போட்டு அனுப்பினார். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. விண்ணப்பம் சென்னைக்குப் போயிற்று. மாவட்டத்தின் மதிப்பீட்டில் இந்த இனமே இல்லாதபோது ஒதுக்கீடு எதிலிருந்து செய்வது என்று கேட்டுத் திரும்பி வந்தது. நியாயமான கேள்வி. நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஆகவே மாத்திரை லாரியில் வந்தது. மாப்பிள்ளை மஞ்சளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய், அங்கே ஏதோ ஒரு ஊரில் சீட்டில்லாமல் வாங்கிவருவார். பட்டியலிட்ட பொருளை அனுமதியின்றி மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவருவது எந்தப் பிரிவின்படி குற்றம், உட்பிரிவு என்ன, தண்டனை எவ்வளவு என்று எனக்கு மனப்பாடம். அதை அவரிடம் சொன்னேன். "அப்ப நீங்களே வந்து புடிச்சுக் குடுங்க மச்சான்" என்றார். 'ங்க' திரும்பி வந்திருந்தது, ஆனால் பழைய 'ங்க' அல்ல. சோதனைச் சாவடிகளுக்குப் போகும் அறிவுரைக் குறிப்பில் நான் திருத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது, அதே சாவடிகளை என் தங்கையின் புருஷன் என் தங்கையின் உயிரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடந்துகொண்டிருப்பார். லாரி கிளம்பிய நாளிலிருந்து திரும்பும் நாள்வரை எனக்குச் சோறு இறங்காது.

அடுத்த ஆண்டு மறுபடியும் அந்தப் படிவம் வந்தது. வலிப்பு மாத்திரைக்கு எதிரே, "தேவை உண்டு. நோயாளி ஒருவர். மாதம் அறுபது" என்று எழுதினேன். மாவட்டத்தில் ஒருவர்தானா என்று அதிகாரி கேட்டார். சொன்னவர் ஒருவர்தான் என்றேன். இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து கடிதம்: சென்ற ஆண்டு இன்மை எனக் காட்டப்பட்ட இனத்தில் இவ்வாண்டு தேவை எவ்வாறு எழுந்தது என்பதற்கு விளக்கம் அளிக்கவும்.

விளக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன். "சென்ற ஆண்டு உரிய காலத்தில் பெறப்பட்ட பதில் ஒன்று, காலங்கடந்து வந்ததாகக் குறிக்கப்பட்டுச் சேர்க்கப்படாமல் விடப்பட்டது. அவ்வாறு குறித்தவர் இவ்வலுவலகக் கண்காணிப்பாளர். அவர் அதை அறிந்தே செய்தார்." அதிகாரி இரண்டு தடவை படித்தார். பச்சை மையால் பின்னிரண்டு வாக்கியங்களை அடித்தார்.

"முதல் வரி போதுமுங்க. மிச்சத்த யாரும் கேக்கல."

அந்தக் கோப்பு அப்படியே முடிந்தது. என் பணிப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது.

விளக்கம் ஏற்கப்பட்டதாகத் தகவல் வந்த வாரம் நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். வடக்கே மழை, பாலம் ஒன்று உடைந்து, லாரி எங்கேயோ நின்றிருந்தது. ஐந்து நாளாகச் செய்தி இல்லை. தங்கை புட்டியைக் கவிழ்த்து இடது கையால் மாத்திரைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான்கு இருந்தன.

"இந்த வருசக் கடுதாசியில நான் இருக்கறனுங்களாண்ணா?"

"இருக்கற அம்மிணி. ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப மாத்திரை?"

"அது அடுத்த வருசத்துக்குத்தான். இந்த வருசத்துக்கு வேண்டாம்னு போன வருசமே எழுதிப் போயிருச்சு."

அவள் ஒரு மாத்திரையை எடுத்துப் பல்லால் இரண்டாகக் கடித்து, பாதியைத் திரும்பப் புட்டிக்குள் போட்டு, மூடியைத் திருகித் தரச்சொல்லி என்னிடம் நீட்டினாள்.